பின்னாலிருந்து ஒரு முனகல்!

வீட்டில் எந்தச் சாமானுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அதை முதலில் தெரிந்துகொள்வது யார்? சந்தேகமே வேண்டாம், வீட்டு அம்மாள்தான். மாவு அரைக்கும் கிரைண்டரின் பெல்ட் கொஞ்சம் தளர்ந்தால் போதும். கூடத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. அடுக்களையில் இருப்பவளுக்குக் கேட்டுவிடும். தையல் மிஷினில் எண்ணெய் வற்றிவிட்டது, மின்விசிறியின் பேரிங் தேய்ந்துவிட்டது, குக்கரின் விசில் குரல் மாறிவிட்டது என்பதையெல்லாம் சொல்லுகிற காது அது.

அதே காது மோட்டார் காரின் பின் ஸீட்டில் உட்கார்ந்து, "என்னமோ சத்தம் வருகிறதே!" என்று சொன்னால் மட்டும், "உனக்கென்ன தெரியும், ரோடு சரியில்லை" என்று பதில் வந்துவிடுகிறது. ரோடும் பாவம், பழியைச் சுமந்துகொண்டு பேசாமல் கிடக்கிறது.

இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட ஒரு சத்தத்தைப் பற்றியது. காரின் பின் அச்சுக்கு நடுவில், பானை மாதிரி உப்பிக்கொண்டு ஓர் இரும்பு உருண்டை இருக்கிறதல்லவா? அதற்குள்ளிருந்து வருகிற முனகல். அந்த உருண்டைக்குள் இருப்பதன் பெயர் டிபரன்ஷியல். அது பழுதானால் வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? கண்டுபிடித்தால் வீட்டு முற்றத்திலேயே பிரித்துச் சீர்செய்ய முடியுமா? முடியும் என்பதைக் கோயம்புத்தூரில் ஒரு வீட்டில் கண்ணாரப் பார்த்துவிட்டு வந்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால், அந்த உருண்டைக்குள் என்ன நடக்கிறது என்று ஓர் எட்டுப் பார்த்துவிடலாம்.

வண்டிக்கு வேண்டாம், காருக்கு வேண்டும்!

இரண்டு பெண்கள் கைகோத்துக்கொண்டு தட்டாமாலை சுற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் இருப்பவள் நின்ற இடத்திலேயே திரும்புகிறாள். வெளிப்பக்கம் இருப்பவளோ ஓட்டமும் நடையுமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. கார் திரும்பும்போது பின் சக்கரங்கள் இரண்டுக்கும் இதே கதிதான். சக்கரங்களுக்கு நடுவே நாலரை அடி இடைவெளி இருந்தால், ஒரு முழு வட்டம் அடிப்பதற்குள் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறக்குறைய 28 அடி அதிகம் ஓடியாக வேண்டும்.

மாட்டு வண்டிக்கு இந்தக் கவலை கிடையாது. வண்டியை இழுப்பது மாடு. சக்கரங்கள் தத்தம் கடையாணிக்குள் தம்பாட்டுக்கு உருளுகின்றன. காரில் அப்படியில்லை. எஞ்சின் சக்கரத்தையே பிடித்துச் சுழற்றுகிறது. இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு டயர் தரையில் தேய்ந்து இழுபடும். ஆகவே, இரண்டுக்கும் பலத்தைக் கொடுக்க வேண்டும்; ஆனால் அவரவர் வேகத்தில் போகவும் விட வேண்டும். இரண்டு மருமகள்கள் இருக்கும் வீட்டில் மாமியார் செய்யவேண்டிய காரியம் இது! இந்தச் சாமர்த்தியத்தைப் பற்சக்கரங்களுக்குக் கற்றுக்கொடுத்து, 1820-களின் கடைசியில் நீராவி வண்டிக்காக அமைத்தவர் பிரான்ஸ் தேசத்துக் கடிகாரக்காரர் ஒருவர். ஒனேஸிபோர் பெக்கர் என்று பெயர்.

எஞ்சினிலிருந்து வருகிற நீளத் தண்டின் நுனியில் ஒரு சின்னப் பற்சக்கரம் இருக்கிறது. அதுதான் பினியன். அது கடித்துச் சுழற்றுகிற பெரிய பற்சக்கரம் கிரவுன் வீல். பினியனுக்கு 10 பல், கிரவுனுக்கு 41 பல் என்றால், தண்டு 4.1 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. கிரவுன் வீலோடு சேர்ந்து சுற்றுகிற கூட்டுக்குள் சன் கியர், ஸ்டார் கியர் என்று குட்டிப் பற்சக்கரங்கள் இருக்கின்றன. வேகத்தைப் பங்கு போடுகிற மாமியார்கள் இவர்களே. நேர் ரோட்டில் இவர்களுக்கு வேலை இல்லை. திருப்பத்தில்தான் சுழலுவார்கள்.

மாமனார் கேட்காத சத்தம்

கோயம்புத்தூர் வீட்டில் இருப்பது பழைய அம்பாஸடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டைப் பார்த்து, மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை தயாராகிக்கொண்டிருந்த வண்டி. அதை வாங்கியவர் வீட்டுப் பெரியவர். பஞ்சாலை ஒன்றில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியை இப்போது ஓட்டுகிறவர் அவருடைய மருமகள்.

"மாமா, ஐம்பதுல போய் ஆக்ஸிலேட்டரை மிதிச்சா பின்னால ஊளையிடற மாதிரி கேக்குதுங்க. காலை எடுத்தா நின்னுடுது" என்று மருமகள் சொன்னபோது பெரியவர் சிரித்தாராம்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே, அம்மிணி! டயர் சத்தமா இருக்கும்."

அவருக்குக் கேட்கவில்லை என்பது வாஸ்தவம். வாழ்நாளெல்லாம் தறிகளின் இரைச்சலில் நின்ற காதுக்கு மெல்லிய சத்தங்கள் எட்டுவதில்லை. பஞ்சாலைத் தொழிலாளிகள் பலருக்கும் நேர்ந்த நஷ்டம் அது. ஆனால் தனக்குக் கேட்கவில்லை என்பதை அவர் அதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். "ஹவுசிங்கையே கழற்றிப் போட்டுவிட்டுப் பழைய சாமான் கடையிலிருந்து வேறொன்று வாங்கி மாட்டிவிடலாம்" என்று சொல்லி, பெரிய தொகையாக ஒன்றைக் கேட்டார்கள். அவ்வளவு செலவு செய்வதற்குப் பதில் வண்டியையே எடைக்குப் போட்டுவிடலாம் என்று மகன் அபிப்பிராயப்பட்டார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை என்று அத்தையம்மாள் சொன்னார்.

மறுநாள் காலையில் மருமகள் மாமனாரிடம் வந்து, "எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு நீங்க சொல்லுங்க மாமா, காது நான் தர்றேன்" என்றார். அங்கேதான் ஆரம்பித்தது காரியம்.

குற்றவாளி யார்?

பெரியவர் சொல்லச் சொல்ல, காலியான நேர் ரோட்டில் மருமகள் வண்டியை ஓட்டிப் பார்த்தார். இந்தச் சோதனைகளுக்கு ஒரு காசு செலவில்லை. வாசகிகளும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

முதலில் டயர். தார் ரோட்டிலும் சிமெண்ட் ரோட்டிலும் டயரின் சத்தம் மாறும். இந்த ஊளை மாறவில்லை. ஆகவே டயர் நிரபராதி.

அடுத்து எஞ்சினும் கியர் பெட்டியும். அதே 50 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரிலும் நாலாவது கியரிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சினின் சுழற்சி மாறும்போது சத்தமும் மாறினால் கோளாறு முன்பக்கம். வண்டியின் வேகத்தை மட்டுமே ஒட்டி வந்தால் பின்பக்கம். இங்கே இரண்டு கியரிலும் ஒரே ஊளை.

மூன்றாவது, சக்கரத்துப் பேரிங். ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் ஒடித்தால் பாரம் ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மாறும். சத்தம் அதோடு கூடிக் குறைந்தால் சக்கரத்துப் பேரிங்தான் என்று சந்தேகிக்கலாம். திருப்பத்தில் மட்டும் கடகடத்தால் கூட்டுக்குள் இருக்கும் குட்டிப் பற்சக்கரங்கள். கியர் போட்டு வண்டி நகரும் கணத்தில் 'டங்' என்று ஒரு இடி இடித்தால், எங்கேயோ இடைவெளி அதிகமாகிவிட்டது. நீளத் தண்டின் ஜாயிண்டாகவும் இருக்கலாம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் தாளம் தப்பாமல் ஒரு தட்டு விழுந்தால், கிரவுன் வீலில் ஒரு பல் உடைந்திருக்கலாம். உடனே வண்டியை நிறுத்திவிட வேண்டும். உடைந்த துண்டு பற்களுக்கு நடுவே சிக்கினால் பின் சக்கரங்கள் ஓடும்போதே இறுகிவிடக்கூடும். பிறகு என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

மிதித்தால் ஊளை, எடுத்தால் அமைதி என்றால் பினியனும் கிரவுனும் கடிக்கும் இடத்தில், அல்லது பினியனின் பேரிங்கில் கோளாறு. அதை உறுதிப்படுத்த வண்டியைத் தூக்கினார்கள். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, அச்சின் இரு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு வைத்து, அதன்மேல் இறக்கினார்கள். இதில் மட்டும் சிக்கனம் கூடவே கூடாது. வெறும் ஜாக்கியையோ அடுக்கிய செங்கல்லையோ நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

பெரியவருக்கு முழங்கால் மடங்காது. மருமகள்தான் சாக்கை விரித்துக்கொண்டு அடியில் போனார். நீளத் தண்டு வந்து சேருகிற வட்டப் பட்டையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். அது கொஞ்சம்கூட ஆடக்கூடாது. ஆடியது!

பெரியவர் பக்கவாட்டில் உட்கார்ந்து கையை நீட்டி அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். காது மறந்துபோனதைக் கை மறக்கவில்லை. "பினியன் பேரிங் போயிருச்சு, அம்மிணி. நீ சொன்னது நெசந்தான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே ரிப்பேர் செலவைக் கொடுத்திருக்கலாம் என்று மருமகள் என்னிடம் சொன்னார்.

எண்ணெயில் எழுதிய கதை

அடைப்பாணியைத் திறந்து எண்ணெயை ஒரு வெள்ளை எனாமல் பேசினில் பிடித்தார்கள். வெள்ளைப் பேசின் எதற்கு? எண்ணெய் சொல்லுகிற கதையைப் படிப்பதற்கு. மையைப் போல் நைஸான பொடி கொஞ்சம் மின்னினால் அது இயற்கையான தேய்மானம். பாலும் மோரும் கலந்த நிறம் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. நகத்தில் எடுக்கும்படி செதிள்கள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உதிர்ந்துகொண்டிருக்கிறது. இங்கே செதிள்கள் இருந்தன. எண்ணெயும் இருக்கவேண்டிய அளவில் பாதிகூட இல்லை.

பிறகு சக்கரங்கள், பிரேக் டிரம்கள், இரு பக்கத்து அச்சுத் தண்டுகள் எல்லாவற்றையும் உருவி, நீளத் தண்டின் இணைப்பில் பெயிண்டால் அடையாளம் வைத்துப் பிரித்து, சுற்றியுள்ள நட்டுகளைக் கழற்றி, உள்ளேயிருந்த முழு அமைப்பையும் வெளியே எடுத்தார்கள். நல்ல கனம், மகனும் ஒரு கை கொடுத்தார். எடைக்குப் போடலாம் என்று சொன்னவர் அவர்தான்!

பிரிக்கும்போது பெரியவர் விதித்த சட்டம் ஒன்றே ஒன்று: அடையாளம் வைக்காமல் எதையும் கழற்றாதே. பேரிங்கின் மேல் மூடிகள் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இடது வலதாகாது. இடையில் இருக்கும் ஷிம் என்னும் மெல்லிய தகடுகள் எந்தப் பக்கம் எத்தனை, என்ன கனம் என்று பேத்தியின் பழைய கணக்கு நோட்டில் எழுதி வைத்தார்கள். படமும் எடுத்துக்கொண்டார்கள்.

பினியனின் முன் பேரிங் சொறி பிடித்ததுபோல் பொரிந்திருந்தது. கிரவுன் வீலில் மூன்று பற்களின் ஓரம் உதிர்ந்திருந்தது. சரி, புதிசு வாங்கி மாட்டிவிட வேண்டியதுதானே? பெரியவர் விடவில்லை. "எண்ணெய் ஏன் குறைஞ்சுது?" என்று கேட்டார்.

எண்ணெய் குறைந்தது, பினியனின் ஆயில் சீல் வழியாகக் கசிந்ததால். சீல் ஏன் கசிந்தது? அச்சு சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேறுவதற்கு மேலே ஒரு சிறு துளை உண்டு. அதில் சேறு அடைத்து இறுகியிருந்தது. காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் எண்ணெயை சீல் வழியாகப் பிதுக்கித் தள்ளியிருக்கிறது. எண்ணெய் இல்லாமல் பேரிங் தேய்ந்தது. பேரிங் தேய்ந்ததும் பினியன் இடம் பெயர்ந்தது. இடம் பெயர்ந்த பினியன் கிரவுனின் பல்லை ஓரத்தில் கடித்து உடைத்தது. இத்தனைக்கும் மூல காரணம், ஒரு குண்டூசியால் குத்தி எடுக்கக்கூடிய மண்! இதைக் கவனிக்காமல் வேறு ஹவுசிங்கின் சாமான்களை மாட்டியிருந்தால், அதுவும் இதே வழியில் போயிருக்கும்.

திலகம் நடுவில் இருக்கட்டும்

கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாக இழைத்துச் சேர்க்கப்படுகிறவை. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். இந்த ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றினால் குடித்தனம் நடக்காது. ஆகவே ஜோடியாகவே வாங்கினார்கள். பேரிங்குகள், சீல், மடக்குப் பூட்டு வாஷர்கள் எல்லாம் புதிசு. ஹவுசிங்கை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, நூல் உதிராத துணியால் துடைத்தார்கள்.

இனிமேல்தான் பொறுமைக்குப் பரீட்சை. மூன்று அளவுகள் சரியாக வர வேண்டும்.

ஒன்று, பினியன் பேரிங்கின் இறுக்கம். ஆடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. பட்டையில் ஒரு நூலைச் சுற்றி, கொக்கித் தராசால் சீராக இழுத்து, சுற்றும்போது எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்தார்கள். தயாரிப்பாளரின் புத்தகத்தில் சொன்ன அளவு வரும்வரை தகடுகளைக் கூட்டிக் குறைத்தார்கள்.

இரண்டு, பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி. பெரும்பாலான கார்களுக்கு இது 0.15 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். தலைமயிர் இரண்டைச் சேர்த்துவைத்த கனம்! பல தயாரிப்பாளர்கள் அந்த அளவைக் கிரவுன் வீலிலேயே பொறித்துவிடுகிறார்கள். இதை அளக்க டயல் கேஜ் வேண்டும். கண் மதிப்பு உதவாது. பெரியவருக்கு அந்தச் சின்ன முள் தெரியவில்லை. மருமகள் படித்துச் சொன்னார்.

மூன்றாவது, கடிக்கும் இடம். கிரவுனின் எட்டுப் பத்துப் பற்களில் மார்க்கிங் பசையைப் பூசி, கையால் லேசாகத் தடுத்துக்கொண்டே சுற்றினால், பினியன் தொட்ட இடத்தில் பசை விலகி ஒரு முத்திரை விழும். நெற்றித் திலகம் மாதிரி அது பல்லின் நடுவில் விழ வேண்டும். பல்லின் உச்சியில் விழுந்தால் பினியன் எட்டி நிற்கிறது. அதன் பின்னாலுள்ள தகட்டைக் கனமாக்க வேண்டும். பல்லின் அடியில் விழுந்தால் அதிகம் நெருங்கிவிட்டது. தகட்டை மெலிதாக்க வேண்டும். வெளி ஓரத்துக்கு ஒதுங்கினால் கிரவுனைக் கிட்டே கொண்டுவர வேண்டும். உள் ஓரத்துக்கு ஒதுங்கினால் தள்ளிவைக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை தகடு மாற்றும்போதும் பினியனிலிருந்து பேரிங்கைப் பிடுங்கியாக வேண்டும். அதற்கு பிரஸ் மிஷின் தேவை. சுத்தியலால் அடித்தால் புதுப் பேரிங்கும் போய்விடும். பெரியவர் இதற்கு ஒரு யுக்தி செய்தார். கழற்றிய பேரிங்குகளில் சேதமில்லாத பின் பேரிங்கை லேத் பட்டறைக்கு அனுப்பி, உள்வட்டத்தைக் கொஞ்சம் அகலமாக்கி வாங்கிக்கொண்டார். ஒத்திகைக்கெல்லாம் அது, கையாலேயே போட்டு எடுக்கலாம். புதுப் பேரிங் கடைசியில் ஒரே தரம், பிரஸ்ஸில்.

முதல் ஒத்திகையில் திலகம் உச்சியில் விழுந்தது. இரண்டாவதில் அடியில். "போதுங்க மாமா, கிட்டத்தட்ட வந்திருச்சே!" என்று மருமகள் அலுத்துக்கொண்டபோது பெரியவர், "கிட்டத்தட்டன்னு விட்டா ஆறு மாசத்துல திரும்ப ஊளையிடும். அப்ப எனக்குக் கேக்காது அம்மிணி, உனக்குத்தான் கேக்கும்" என்றாராம். மூன்றாவதில் நடுவில் விழுந்தது. அத்தையம்மாள் எட்டிப் பார்த்து, "இப்பத்தான் மூஞ்சி லட்சணமா இருக்கு!" என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

நீங்களும் செய்யலாமா?

மூடி, ஹைபாய்டு பற்களுக்கென்று விற்கும் ஈ.பி. 90 எண்ணெயை ஊற்றினார்கள். இவ்வகைப் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு கடிக்கின்றன. சாதாரண எண்ணெய் தாங்காது. முதல் தடவை இருபது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி நன்றாக ஆறவிட்டார்கள். பிறகு எண்ணூறு கிலோமீட்டர்வரை அதிக பாரமில்லாமல் ஓட்டி, எண்ணெயை ஒரு தரம் மாற்றினார்கள். ஊளை போய்விட்டது.

எல்லா வீட்டிலும் இதைச் செய்யலாமா? அதற்கு ஒரு பதில் போதாது. இப்போது வருகிற சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன் சக்கரம்தான் இழுக்கிறது. அவற்றில் டிபரன்ஷியல் கியர் பெட்டியோடு ஒன்றாக முன்பக்கம் அடங்கியிருப்பதால், முற்றத்தில் பிரிக்கிற வேலை அல்ல. பின் சக்கரம் இழுக்கும் வண்டியானாலும், டயல் கேஜும் தயாரிப்பாளரின் புத்தகமும் விஷயம் தெரிந்த ஒருவரும் பக்கத்தில் இல்லாவிட்டால் பிரிக்காதிருப்பதே உத்தமம்.

ஆனால் கண்டுபிடிக்கிற வேலையை யாரும் செய்யலாம். எந்த வேகத்தில், மிதிக்கும்போதா எடுக்கும்போதா, நேரிலா திருப்பத்திலா என்று நான்கு வரி எழுதி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனால், "எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்" என்ற பேச்சு அவ்வளவு சுலபமாக எழாது. எழுந்தாலும், "எதனால் கெட்டது?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். அதற்குப் பதில் கிடைக்காதவரை பணப்பையைத் திறக்க வேண்டாம்.

அடுத்த முறை காரின் பின் ஸீட்டிலிருந்து, "என்னமோ சத்தம் வருகிறதே!" என்று உங்களுக்குத் தோன்றினால், தயங்காமல் சொல்லுங்கள். ரோட்டின்மேல் பழி போடுகிறவர்கள் போடட்டும். முனகல் மெல்லியதாக இருக்கும்போதே கேட்கிற காது ஒன்று வீட்டில் இருந்தால், ஒரு குண்டூசியோடும் கொஞ்சம் எண்ணெயோடும் காரியம் முடிந்துபோகும்!